உள்ளாட்சி நிதியும் மத்திய அரசின் மேற்பார்வையும்

உள்ளாட்சி நிதி மேற்பார்வை என்பது, ஊராட்சிகள், பேரூராட்சிகள், நகராட்சிகள், மாநகராட்சிகள் ஆகியவற்றுக்கு வழங்கப்படும் பணம் உரிய பணிக்குச் செலவாகிறதா, அதற்குக் கணக்கு வைக்கப்படுகிறதா, அந்தக் கணக்கு தணிக்கை செய்யப்படுகிறதா என்பவற்றை மேல்நிலை அரசுகள் கண்காணிக்கும் முறையாகும். இந்தியாவில் உள்ளாட்சி என்பது மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்ட பொருள். எனவே மத்திய அரசு ஓர் ஊராட்சித் தலைவருக்கு நேரடியாக ஆணை பிறப்பிப்பதில்லை. அவரைப் பதவி நீக்கவோ ஊராட்சியைக் கலைக்கவோ அதற்கு அதிகாரம் இல்லை. அது தன் மேற்பார்வையைப் பணத்தின் வழியாகவும் அந்தப் பணத்துடன் சேர்த்து விதிக்கும் நிபந்தனைகளின் வழியாகவும் செலுத்துகிறது.

இக்கட்டுரை அந்த ஏற்பாடு எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தமிழ்நாட்டை, குறிப்பாகக் கிருஷ்ணகிரி மாவட்டத்தை, எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது. மத்திய அரசின் நிபந்தனைகள் குடிமக்களின் உரிமையைக் காக்கவே எழுதப்பட்டவை. ஆனால் அவை மீறப்படும்போது இழப்பு பெரும்பாலும் மீறியவருக்கு அல்லாமல் அதே குடிமக்களுக்கே நேர்கிறது. இந்த முறையின் வலிமையும் குறையும் இந்த ஒரு செய்தியில் அடங்கியுள்ளன.

ஓர் ஊர், பல நிலைகள்

சிங்காரப்பேட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தில், ஊத்தங்கரையிலிருந்து செங்கம் செல்லும் சாலையில் உள்ள ஊர். இதன் உள்ளாட்சி அமைப்பு கிராம ஊராட்சி. அதற்கு மேல் ஊத்தங்கரை ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் கிருஷ்ணகிரி மாவட்ட ஊராட்சி என மூன்று அடுக்குகள் உள்ளன. தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004 பிப்ரவரியில் பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 10 ஊராட்சி ஒன்றியங்களும் முந்நூறுக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளும் உள்ளன. தமிழ்நாடு முழுவதிலும் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன.

இந்த மூன்று அடுக்குகளையும் உருவாக்கியது மாநிலச் சட்டம். அவற்றுக்கு வரும் பணத்தில் ஒரு பகுதி தில்லியிலிருந்தும் ஒரு பகுதி சென்னையிலிருந்தும் வருகிறது. மீதி ஊருக்குள்ளேயே வரியாகவும் கட்டணமாகவும் வசூலாகிறது. ஒரே தெருவில் ஓரிடத்தில் போடப்பட்ட சிமெண்ட் சாலை ஒரு கணக்கிலும், அதை ஒட்டிய கழிவுநீர்க் கால்வாய் மற்றொரு கணக்கிலும், தெருவிளக்கு மூன்றாவது கணக்கிலும் இருக்கக்கூடும். ஊராட்சி நிதியைப் புரிந்துகொள்ள விரும்பும் மாணவர் முதலில் இந்தப் பிரிவினையை மனத்தில் கொள்ள வேண்டும்.

வரலாற்றுப் பின்னணி

ஊரவையிடம் கணக்குக் கேட்பது தமிழகத்துக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதற்கான தகுதிகளை விரிவாகக் கூறுகின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர்கள் என்பது அவ்விதிகளில் ஒன்று. விதிகளை வகுத்த கூட்டத்தில் அரசனின் அலுவலர் ஒருவர் உடனிருந்ததையும் கல்வெட்டு குறிப்பிடுகிறது. ஊர் தானே முடிவெடுக்கிறது, அரசு உடனிருந்து பார்க்கிறது என்னும் உறவு அன்றே இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1882-இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட உள்ளாட்சி அமைப்புகளை வலியுறுத்தியது. விடுதலைக்குப் பின் அரசமைப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு கிராம ஊராட்சிகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. ஆனால் அது வழிகாட்டு நெறியாக மட்டுமே இருந்ததால், தேர்தல் நடத்துவதும் பணம் தருவதும் அந்தந்த மாநில அரசின் விருப்பத்தைப் பொறுத்தே அமைந்தன.

இந்நிலையை மாற்றியவை 73, 74-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தங்கள். 1992 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய இவற்றுள், ஊரகப் பகுதிகளுக்கான 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இலும் நகர்ப்புறங்களுக்கான 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1-இலும் நடைமுறைக்கு வந்தன. இவற்றுக்கு ஏற்பத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி முதல் உள்ளாட்சித் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது.

அரசமைப்புச் சட்டம் வகுத்த பங்கீடு

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 5-ஆவது இனமாக உள்ளாட்சி இடம்பெற்றுள்ளது. எனவே உள்ளாட்சிகளுக்கு எந்த அதிகாரத்தை எவ்வளவு கொடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்கிறது. இதனுடன் தொடர்புடைய முக்கியப் பிரிவுகள் வருமாறு:

- 243இ: ஊராட்சியின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். அது முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிய வேண்டும்.
- 243ஜி: பொருளாதார வளர்ச்சி, சமூகநீதி ஆகியவற்றுக்கான திட்டமிடலை ஊராட்சிகளிடம் மாநிலச் சட்டமன்றம் ஒப்படைக்கலாம். பதினோராவது அட்டவணையில் உள்ள 29 பொருள்கள் இதற்குரியவை.
- 243எச்: வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலம் ஊராட்சிக்கு வழங்கலாம்.
- 243ஐ: ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம் அமைக்கப்பட வேண்டும்.
- 243ஜே: கணக்கு, தணிக்கை ஆகியவற்றுக்கு மாநிலம் சட்டம் இயற்றலாம்.
- 243கே: ஊராட்சித் தேர்தலை மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்தும்.
- 280: மத்திய நிதிக்குழு, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைகளின் அடிப்படையில், உள்ளாட்சிகளின் நிதி ஆதாரத்தை வலுப்படுத்த மாநிலத்தின் தொகுநிதியைப் பெருக்குவதற்கான வழிகளைப் பரிந்துரைக்கும்.

இவற்றுள் தேர்தலும் நிதி ஆணையமும் கட்டாயம். அதிகாரத்தை ஒப்படைப்பதும் வரி உரிமை வழங்குவதும் மாநிலத்தின் விருப்பம். மாணவர்கள் தேர்வு நோக்கிலும் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்வது நல்லது. கடைசியில் உள்ள 280-ஆவது பிரிவே உள்ளாட்சிக்கு மத்திய அரசின் பணம் வருவதற்கான வாசல். அந்தப் பணமும் 'மாநிலத்தின் தொகுநிதியைப் பெருக்குதல்' என்ற பெயரில் மாநில அரசின் வழியாகவே ஊருக்கு வருகிறது.

ஊராட்சியின் பொறுப்புகள்

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110-ஆவது பிரிவு கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகளைக் கூறுகிறது. ஊராட்சிச் சாலைகளையும் சிறு பாலங்களையும் பராமரித்தல், தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய், தெருத் துப்புரவு, பொதுக் கழிப்பிடம், சுடுகாடு மற்றும் இடுகாடு, குடிநீருக்கான கிணறுகள் ஆகியவை அவற்றுள் அடங்கும். பதினோராவது அட்டவணையோ வேளாண்மை, சிறுபாசனம், பள்ளிக் கல்வி, நூலகம், சுகாதாரம், சந்தை, வறுமை ஒழிப்பு என மிக விரிந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், அரசமைப்புச் சட்டம் சுட்டிக்காட்டிய பரப்புக்கும் ஊராட்சியின் கையில் உண்மையில் உள்ள பணிக்கும் இடையிலான தூரம் தெரியும். ஊரில் பள்ளிக்கூடம் இருக்கும். ஆசிரியர் நியமனம் ஊராட்சியிடம் இல்லை. துணை சுகாதார நிலையம் இருக்கும். செவிலியர் பணி சுகாதாரத் துறையின் கீழ் வரும்.

கேரளம் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின்போது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. ஒரே அரசமைப்புச் சட்டத்தின் கீழ் இரு அண்டை மாநிலங்கள் வெவ்வேறு அளவில் அதிகாரம் வழங்க முடிவதற்குக் காரணம், முன்னர்க் கூறியபடி 243ஜி பிரிவு அதை மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டிருப்பதே.

பணம் வரும் வழிகள்

கிராம ஊராட்சியின் வருவாயை நான்காகப் பிரிக்கலாம்.

1. சொந்த வருவாய்: வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம், குத்தகை வருவாய் முதலியவை.
2. மாநில நிதி ஆணைய மானியம்: மாநிலத்தின் சொந்த வரி வருவாயிலிருந்து உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படும் பங்கு. தமிழ்நாட்டில் இது நிகர சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடாக உள்ளது.
3. மத்திய நிதிக்குழு மானியம்.
4. திட்ட நிதி: ஊரக வேலை உறுதித் திட்டம், தூய்மை பாரத இயக்கம், ஜல் ஜீவன் இயக்கம், வீட்டு வசதித் திட்டங்கள் போன்றவற்றின் வழியாக வருவது.

இவற்றில் சொந்த வருவாய் ஊருக்கு ஊர் பெரிதும் வேறுபடுகிறது. ஓசூர், சூளகிரி வட்டாரங்களில் தொழிற்சாலைகள் அமைந்த ஊராட்சிகளுக்குக் கட்டட வரியும் தொழில்வரியும் கணிசமாகக் கிடைக்கும். ஊத்தங்கரைப் பக்கம் மானாவாரி வேளாண்மையை நம்பிய ஊராட்சிகளில் வீட்டுவரியே முதன்மை. அது தெருவிளக்கு மின்கட்டணத்துக்கே போதாமல் போகலாம். ஆகவே மத்திய நிதிக்குழு மானியம் ஒரு மாதம் தாமதமானால் தொழிற்சாலை உள்ள ஊராட்சி சமாளித்துவிடும். வறண்ட பகுதி ஊராட்சியில் குடிநீர் மோட்டார் பழுதுபார்ப்பதே தள்ளிப்போகும்.

தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளில் முதன்மையாக மூன்று வகைக் கணக்குகள் வைக்கப்படுவது வழக்கம். முதலாவது பொது நிதிக் கணக்கு. இரண்டாவது மின்கட்டணமும் குடிநீர் வாரியக் கட்டணமும் செலுத்துவதற்கான கணக்கு. மூன்றாவது திட்ட நிதிக் கணக்கு. ஒரு கணக்கிலுள்ள பணத்தை மற்றொரு வேலைக்கு எடுக்க முடியாது. 'ஊராட்சியில் பணம் இருக்கிறதே, ஏன் இந்த வேலையைச் செய்யவில்லை?' என்ற கேள்விக்குப் பல நேரங்களில் விடை இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது.

மத்திய நிதிக்குழு மானியத்தின் வளர்ச்சி

உள்ளாட்சிகளுக்கு முதன்முதலில் மானியம் பரிந்துரைத்தது 10-ஆவது நிதிக்குழு. அதன்பின் தொகை படிப்படியாக உயர்ந்தது.

- 10-ஆவது நிதிக்குழு (1995–2000): ஊராட்சிகளுக்கு ரூ. 4,380.93 கோடி, நகர்ப்புற அமைப்புகளுக்கு ரூ. 1,000 கோடி.
- 11-ஆவது நிதிக்குழு (2000–05): முறையே ரூ. 8,000 கோடி, ரூ. 2,000 கோடி.
- 12-ஆவது நிதிக்குழு (2005–10): முறையே ரூ. 20,000 கோடி, ரூ. 5,000 கோடி.
- 13-ஆவது நிதிக்குழு (2010–15): இரண்டுக்கும் சேர்த்து ரூ. 87,519 கோடி.
- 14-ஆவது நிதிக்குழு (2015–20): இரண்டுக்கும் சேர்த்து ரூ. 2,87,436 கோடி.
- 15-ஆவது நிதிக்குழு (2021–26): மொத்தம் ரூ. 4,36,361 கோடி. இதில் ஊரக அமைப்புகளுக்கு ரூ. 2,36,805 கோடி, நகர்ப்புற அமைப்புகளுக்கு ரூ. 1,21,055 கோடி, உள்ளாட்சி வழியான சுகாதாரப் பணிகளுக்கு ரூ. 70,051 கோடி. மீதி புதிய நகர வளர்ச்சி போன்றவற்றுக்கு.

15-ஆவது நிதிக்குழு தன் இடைக்கால அறிக்கையில் 2020–21 ஆண்டுக்கு மட்டும் தனியாக ரூ. 90,000 கோடி பரிந்துரைத்தது. அரவிந்த் பனகாரியா தலைமையில் 2023 டிசம்பர் 31-இல் அமைக்கப்பட்ட 16-ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைக் காலம் 2026 ஏப்ரல் தொடங்கி ஐந்து ஆண்டுகள்.

14-ஆவது நிதிக்குழு கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமே பணம் தந்தது. ஒன்றியமும் மாவட்ட ஊராட்சியும் விடுபட்டன. 15-ஆவது நிதிக்குழு மூன்று அடுக்குகளுக்கும் தந்தது. ஆயினும் கிராம ஊராட்சியின் பங்கு 70 முதல் 85 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என வரையறுத்தது. மாநிலங்களுக்கு இடையிலான பங்கீட்டுக்கு மக்கள்தொகைக்கு 90 விழுக்காடும் பரப்பளவுக்கு 10 விழுக்காடும் எடையளித்தது.

பணத்துடன் வரும் நிபந்தனைகள்

மத்திய அரசின் மேற்பார்வை உண்மையில் செயற்படும் இடம் இதுவே. 15-ஆவது நிதிக்குழுக் காலத்தின் ஊரக மானியத்தைக் கொண்டு இதை விளக்கலாம்.

முதலாவது, செலவின் வகை. மானியத்தில் 60 விழுக்காடு குறித்த பணிகளுக்கு மட்டுமே உரியது. அலுவலகப் பேச்சில் இது 'டைடு' மானியம். மீதி 40 விழுக்காடு பொது மானியம், இது 'அன்டைடு'. குறித்த பணிகளுக்கான பங்கில் பாதி துப்புரவுக்கும் திறந்தவெளிக் கழிப்பிடமற்ற நிலையைக் காப்பதற்கும் உரியது. மறுபாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கு உரியது. ஓர் ஊராட்சிக்கு ஓராண்டில் ரூ. 10 லட்சம் வருவதாக வைத்துக்கொள்வோம். அதில் ரூ. 3 லட்சம் துப்புரவுக்கு, ரூ. 3 லட்சம் குடிநீருக்கு, ரூ. 4 லட்சம் மட்டும் ஊரின் பிற தேவைகளுக்கு. அந்த ரூ. 4 லட்சத்திலிருந்தும் சம்பளமோ நிர்வாகச் செலவோ செய்யக் கூடாது.

இரண்டாவது, கணக்கு. முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கும் அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் இணையத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். 2023–24 முதல், இவ்விரண்டும் உள்ள உள்ளாட்சிகளுக்கு மட்டுமே மானியம் கணக்கிடப்பட்டது.

மூன்றாவது, மாநில அரசின் கடமை. மாநில நிதி ஆணையத்தை அமைத்து, அதன் பரிந்துரை மீது எடுத்த நடவடிக்கையை 2024 மார்ச்சுக்குள் சட்டமன்றத்தில் வைக்காத மாநிலத்துக்கு அதன்பின் மானியம் இல்லை என்று நிதிக்குழு கூறியது. மத்திய அரசு பணம் விடுவித்த 10 வேலை நாள்களுக்குள் மாநிலம் அதை உள்ளாட்சிகளுக்கு அனுப்ப வேண்டும். தாமதித்தால் வட்டியுடன் அனுப்ப வேண்டும். பத்து நாள் விதி சிறியதாகத் தோன்றினாலும், மாநிலக் கருவூலத்தில் ஊராட்சிப் பணம் தங்கிப்போகாமல் தடுப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

நான்காவது, தேர்தல். முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தால்தான் மானியம். இதன் விளைவு கீழே தனியாக விளக்கப்படுகிறது.

கண்காணிப்பு நடைபெறும் விதம்

பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2004 மே மாதத்தில் தனி அமைச்சகமாக உருவாக்கப்பட்டது. நிபந்தனைகள் நிறைவேறியுள்ளனவா எனப் பார்த்து, மானியத்தை விடுவிக்கும்படி நிதி அமைச்சகத்துக்குப் பரிந்துரைப்பது அதன் பணிகளில் ஒன்று. நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை பணத்தை மாநிலத்துக்கு விடுவிக்கிறது.

ஊராட்சி தன் ஆண்டுத் திட்டத்தைக் கிராம சபையில் வைத்து ஒப்புதல் பெற்று, 2020 ஏப்ரல் 24-இல் தொடங்கப்பட்ட இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். செலவுத் தொகை காசோலைக்குப் பதிலாக, பொது நிதி மேலாண்மை அமைப்பு என்னும் மென்பொருளின் வழியாக, மின்னணுக் கையொப்பத்துடன் வேலை செய்தவரின் வங்கிக் கணக்குக்குச் செல்கிறது. தணிக்கைக்கு ஆடிட் ஆன்லைன் என்னும் தனித்தளம் உள்ளது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை செயல்படுகிறது. இந்தியக் கணக்காய்வு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் அலுவலகம் அதற்குத் தொழில்நுட்ப வழிகாட்டல் அளிக்கிறது. மத்தியத் திட்டங்களைப் பொறுத்தவரை, நாடாளுமன்ற உறுப்பினர் தலைமையில் மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு கூடுகிறது. இதன் சுருக்கப்பெயர் திஷா.

இந்த ஏற்பாட்டின் எல்லையையும் அறிய வேண்டும். பணம் எப்போது, யாருக்கு, எந்தத் தலைப்பில் போனது என்பதைத் தில்லியிலிருந்தே பார்க்கலாம். போட்ட குழாயில் தண்ணீர் வருகிறதா, கட்டிய கழிப்பறைக்குத் தண்ணீர் வசதி உண்டா என்பதை எந்தத் திரையிலும் பார்க்க முடியாது. அதை ஊரார்தான் சொல்ல முடியும்.

மாநில அரசின் அதிகாரம்

ஊராட்சியின் மீதான நேரடி அதிகாரம் மாநிலத்திடமே உள்ளது. தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியரே கிராம ஊராட்சிகளின் ஆய்வாளர். ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவின்படி, உரிய நடைமுறைக்குப் பின் ஊராட்சித் தலைவரைப் பதவி நீக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. 203-ஆவது பிரிவு அவசரக் காலங்களில் பணிகளைச் செய்விக்க அவருக்கு அதிகாரம் அளிக்கிறது. அன்றாடத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரே ஊராட்சிக்கும் அரசுக்கும் இடையிலான இணைப்பு. ஆகவே ஊராட்சித் தலைவர் ஒரே வேலைக்கு மத்திய விதியையும் மாநில அரசாணையையும் கிராம சபைத் தீர்மானத்தையும் ஒருசேரக் கடைப்பிடிக்க வேண்டியவராகிறார்.

தேர்தல் நடக்காத ஆண்டுகள்

தமிழ்நாட்டில் 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபர் 24-இல் முடிந்தது. அதற்கு முன் அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் நடத்த அறிவிக்கை வெளியானது. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு குறித்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4-இல் அந்த அறிவிக்கையை ரத்துசெய்தது. அதன்பின் வார்டு மறுவரையறை, மேல்முறையீடு எனக் காலம் நீண்டது. தனி அலுவலர்கள் ஊராட்சிகளை நிர்வகித்தனர். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் 14-ஆவது நிதிக்குழு மானியம் தமிழ்நாட்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

2019 டிசம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம், புதிதாகப் பிரிக்கப்பட்ட பகுதிகளைச் சேர்ந்த 9 மாவட்டங்கள் நீங்கலாக மற்றவற்றில் தேர்தல் நடத்தலாம் எனத் தீர்ப்பளித்தது. அதன்படி கிருஷ்ணகிரி உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் வாக்குப்பதிவு நடந்தது. சிங்காரப்பேட்டைக்கு அருகிலுள்ள திருப்பத்தூர் மாவட்டம் அந்த 9 மாவட்டங்களில் ஒன்று. அங்குள்ள ஊராட்சிகள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. மாவட்ட எல்லைக்கு இப்புறம் உள்ள ஊருக்குத் தலைவர் கிடைத்து ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஆண்டு கழித்தே அப்புறம் உள்ள ஊருக்குக் கிடைத்தார்.

2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. அடுத்த தேர்தல் அதற்குள் நடைபெறாததால் கிருஷ்ணகிரி உள்ளிட்ட மாவட்டங்களின் ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களின் பொறுப்பில் வந்தன.

பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்துவது அரசமைப்புச் சட்டக் கடமை என்பதை உச்ச நீதிமன்றம் 2006-இல் கிஷன்சிங் தோமர் வழக்கிலேயே வலியுறுத்தியுள்ளது. தேர்தலை மானியத்துடன் இணைத்ததும் அந்தக் கடமையை நிறைவேற்றத் தூண்டுவதற்கே. ஆனால் தேர்தலைக் குறித்த காலத்தில் நடத்துவது கிராம ஊராட்சியின் கையில் இல்லை. வார்டு வரையறை, இட ஒதுக்கீடு, அறிவிக்கை, வழக்கு ஆகிய எதையும் ஊரார் தீர்மானிப்பதில்லை. அப்படியிருக்க, மானியம் நின்றால் கால்வாய் தூர்வாருவது நின்றுபோவது ஊரில்தான். வாக்களிக்கும் வாய்ப்பையும் அதற்குரிய நிதியையும் ஒருசேர இழப்பவர்கள் குடிமக்களே.

மத்தியத் திட்டங்களிலும் இதே சிக்கல்

2005-ஆம் ஆண்டின் மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், பணிகளில் செலவளவில் குறைந்தது பாதியைக் கிராம ஊராட்சியே நிறைவேற்ற வேண்டும் என்றது. கிராம சபையின் சமூகத் தணிக்கையையும் கட்டாயமாக்கியது. அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவு, முறைகேட்டுப் புகார் இருந்தால் நிதியை நிறுத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தது. இப்பிரிவின்படி மேற்கு வங்கத்துக்கு 2022 மார்ச் முதல் நிதி நிறுத்தப்பட்டது. 2025 ஜூனில் கல்கத்தா உயர் நீதிமன்றம், முறைகேட்டைத் தடுக்க நிபந்தனை விதிக்கலாம், ஆனால் திட்டத்தையே காலவரையின்றி நிறுத்த முடியாது என்ற நோக்கில் மீண்டும் தொடங்க ஆணையிட்டது. முறைகேடு செய்தவர் சிலர், கூலி இழந்தவர் பலர் என்னும் நிலை இங்கும் காணப்படுகிறது.

2025 டிசம்பரில் இச்சட்டத்துக்கு மாற்றாகப் புதிய ஊரக வேலைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதில் வேலை நாள்கள் 100-இலிருந்து 125 ஆக உயர்ந்தன. பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 விழுக்காட்டை ஏற்க வேண்டும் எனவும் மாற்றப்பட்டது. முன்னர் உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசே ஏற்றுவந்தது.

நகர்ப்புற எடுத்துக்காட்டு: ஓசூர்

ஓசூர் 2019 பிப்ரவரியில் மாநகராட்சியானது. அதன் முதல் மாமன்றத் தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல் நடந்தது. நகர்ப்புற மானியத்துக்கு 15-ஆவது நிதிக்குழு கூடுதலாக ஒரு நிபந்தனை வைத்தது. மாநிலம் சொத்துவரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும். அத்துடன் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வரி வசூலும் உயர வேண்டும். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு நகர்ப்புறச் சொத்துவரியைக் கட்டடப் பரப்புக்கும் ஊருக்கும் ஏற்ப 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தியபோது, இந்த நிபந்தனையையும் காரணமாகக் குறிப்பிட்டது. தில்லியில் எழுதப்பட்ட பரிந்துரையின் ஒரு வரி, ஓசூரில் வீடு வைத்திருப்பவரின் வரிச்சீட்டு வரை வந்து சேர்வதற்கு இது தெளிவான சான்று.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் உள்ளாட்சி நேரடியாக மைய அரசின் சட்டத்துக்கு உட்பட்டது. பர்மிங்காம் நகர மன்றம் 2023 செப்டம்பரில், 1988-ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114-ஆவது பிரிவின்படி, வரவுக்குள் செலவை அடக்க இயலாது என அறிவித்தது. மைய அரசு அங்கு ஆணையர்களை நியமித்தது. இந்தியாவில் மத்திய அரசுக்கு அத்தகைய நேரடி அதிகாரம் இல்லை.

இலங்கையில் 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் நிதிப் பற்றாக்குறை காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. அது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என 2024 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6-இல் நடந்தது. வட, கிழக்கு மாகாணங்களின் பிரதேச சபைகளும் அதுவரை தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இன்றியே இயங்கின.

விவாதங்கள்

குறித்த பணிகளுக்கான மானியத்தை ஆதரிப்போர், அது இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியும் சாலைக்கே பணம் போகும், குடிநீரும் துப்புரவும் பின்தங்கும் என்கின்றனர். எதிர்ப்போர், ஊரின் தேவை ஊருக்கே தெரியும் என்கின்றனர். எல்லா வீட்டுக்கும் குடிநீர் இணைப்பு உள்ள ஊரில் சுடுகாட்டுப் பாதைக்குப் பணம் இல்லாமல் போவதை அவர்கள் சுட்டுகின்றனர். ஒரு வகைத் தேவை முழுமையாக நிறைவேறிவிட்டால் அப்பணத்தை மற்ற வகைக்குப் பயன்படுத்தலாம் என்ற தளர்வு விதியில் உண்டு. ஆனால் அது குடிநீருக்கும் துப்புரவுக்கும் இடையில் மட்டுமே.

தேர்தல் நிபந்தனை பற்றியும் இரு கருத்துகள் உள்ளன. அது இல்லையெனில் தனி அலுவலர் ஆட்சியே நிலைத்துவிடும் என்பது ஒன்று. தாமதத்துக்குப் பொறுப்பான அரசின் பிற நிதியில் கைவைக்காமல் ஊராட்சியின் நிதியை நிறுத்துவது முறையன்று என்பது மற்றொன்று. நிறுத்திய பணத்தைத் தேர்தலுக்குப் பின் முழுமையாக அந்தந்த ஊராட்சிக்கே வழங்கும் உறுதியான விதி இருந்தால், இரு தரப்பு நோக்கமும் பெருமளவு நிறைவேறும்.

குடிமக்கள் அறிய வேண்டியவை

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூட்டப்படுகிறது. ஊராட்சியின் வரவு செலவை அங்கு வைக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். தனி அலுவலர் காலத்திலும் இவ்வுரிமை மறைவதில்லை.

கூட்டத்துக்குச் செல்லும் முன் இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, ஒப்புதல் பெற்ற திட்டத்தையும் செலவுச் சீட்டுகளையும் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. இந்த வேலை எந்த நிதியில் செய்யப்பட்டது? குடிநீருக்கு வந்த பங்கில் எவ்வளவு மீதம் உள்ளது? சென்ற ஆண்டுத் தணிக்கையில் என்ன ஆட்சேபனை எழுந்தது? விடை கிடைக்காவிட்டால் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஊராட்சியிடமோ வட்டார வளர்ச்சி அலுவலகத்திடமோ எழுத்தில் கேட்கலாம்.

தில்லி கணக்கைப் பார்க்கிறது. மாவட்ட ஆட்சியர் நிர்வாகத்தைப் பார்க்கிறார். பணி உண்மையில் நடந்ததா என்பதைப் பார்க்கும் இடம் கிராம சபை. அந்த மூன்றாவது பார்வை குறைந்தால் முதல் இரண்டும் காகித அளவிலேயே நின்றுவிடும்.